யாரும் பார்க்காத பாதை

என் வீட்டுக்காரருடைய வலது காலில் இப்போது இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. பெருவிரலையும் அதை அடுத்த இரண்டையும் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் எப்படி ஆச்சு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சர்க்கரை வியாதி என்று அவர் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. எட்டாவது வரை படித்திருக்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன். வயதான பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

நாங்கள் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள், அதுதான் எங்கள் லயம். நான் கொழுந்து பறித்தேன். அவர் முதலில் கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியைக் கத்தியால் குட்டையாக வெட்டி விடுகிற வேலை அது. பிறகு சூப்பர்வைசர் ஆனார். காலை ஏழு மணிக்கு மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒரு மலையில் பெண்கள் பறித்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த மலையில் மருந்து அடிப்பார்கள், இரண்டையும் அவர்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் அதை நடை என்று நினைத்ததேயில்லை. அது வேலை.

ஐம்பத்தெட்டு வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. பேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு அதுவும் நின்றது. பன்னிரண்டாம் நம்பர் மலையைப் பாதி கவ்வாத்து வெட்டி அப்படியே போட்டுவிட்டார்கள். களை எடுக்கக்கூட ஆள் விடவில்லை. லயத்தில் பாதிப் பேர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வேலை தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஒவ்வொரு குடும்பமாகப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

அவருக்கு உட்காரத் தெரியாது. முதல் மாதம் கோழிக்கூண்டு கட்டினார், கதவைச் செதுக்கினார். பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் தட்டில் சோறு குறையவில்லை. குறைய நான் விடவில்லை. சிலோனில் கடைசிக் காலத்தில் நாங்கள் பட்டினி கிடந்தோம். கிழங்குகூடக் கிடைக்காத நாட்கள் இருந்தன. என் தம்பி அப்போதுதான் செத்தான். அதனாலோ என்னவோ, யார் தட்டிலாவது சோறு குறைவாகத் தெரிந்தால் எனக்குக் கை நிற்காது. மலை ஏறி இறங்குகிற ஆளுக்குப் போட்ட அதே சோற்றை ரேடியோ கேட்கிற ஆளுக்கும் போட்டேன். குளிருக்கு ஐந்து தரம் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி.

இரண்டே வருஷத்தில் வயிறு முன்னால் வந்தது. தண்ணீர் தாகம் எடுத்தது. கால் மரத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னார். குளிர் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டபோது சும்மா போய் விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை முந்நூற்றுக்கு மேல் இருந்தது.

முகாமுக்கு வந்த டாக்டரம்மா பொறுமையானவர். எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"முப்பது வருஷம் நடந்த ஆளு திடீர்னு உக்காந்துட்டீங்க. சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கு. அதான் விஷயம். மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை பாதிதான் செய்யும்."

"மிச்சம் பாதிக்கு என்னாங்க செய்யணும்?" என்று அவர் கேட்டார்.

"தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடக்கணும். ஒரு வேளைக்கு ஒரு கப் சோறு, அதுக்கு ரெண்டு பங்கு கீரை, காய். பயறு சேத்துக்கங்க. தேத்தண்ணில சீனி வேணாம். நடக்கும்போது ஷூ போட்டுக்கணும், அது முக்கியம். உங்க கால் மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு. தினமும் உள்ளங்காலத் திருப்பிப் பாக்கணும்."

எங்கள் மகள் மலர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து அனுப்பினாள். ஷூவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ரோட்டில் பஜார் வரை போய்த் திரும்பினார். நெற்றியெல்லாம் வேர்வை. கதவருகில் நின்று, "பழைய உடம்பு திரும்பி வருது புள்ள" என்றார். அது உண்மைதான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. வேட்டி இடுப்பில் தளர்ந்தது. ரேடியோ பக்கம் போவதே இல்லை.

அது அப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

லயத்துக்கு மேலே மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற இடத்தைப் பீலி என்போம். பெண்கள் எல்லோரும் காலையில் அங்கேதான் இருப்போம். ஒரு நாள் நான் குடத்தை வைத்தபோது பேச்சியக்கா சத்தமாகக் கேட்டார். எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரர், என்னோடு இருபது வருஷம் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்.

"தங்கம், ஒங்க வீட்டுத் தொரை ரவுண்டு போயிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்டேட்டில் காரணம் இல்லாமல் ரோட்டில் நடப்பது மேனேஜர் தொரையும் அவர் சம்சாரமும்தான். அவர்கள் கால்களில்தான் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்திருக்கிறோம்.

"கூட நாய் ஒண்ணுதான் இல்ல. அதையும் ஒண்ணு வாங்கிக் குடுத்துரு" என்றாள் இன்னொருத்தி.

"நமக்குத் திங்கிறதுக்கு வழியக் காணோம்" என்றார் பேச்சியக்கா. "அவருக்குத் தின்னது செரிக்கலையாம்."

குடம் பாதி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரம்தான் பேச்சியக்காவின் மகனுக்கு வேலை போயிருந்தது. அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் ஆழமாகத் தைத்தது. ஊரே வேலை இல்லாமல் கிடக்க, என் வீட்டுக்காரர் சப்பாத்து போட்டுக்கொண்டு சும்மா நடக்கிறார். அது பெரிய தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் நடந்துவிட்டு வந்ததும் சொன்னேன்.

"என்னாங்க, இனிமே ரோட்டுல நடக்க வேணாம்."

"ஏன்? டாக்டரம்மா சொன்னதுதானே?"

"டாக்டரம்மா லயத்துலயா குடியிருக்காங்க? பீலிக்குப் போறது நான். எனக்குத் தல தூக்க ஏலாது."

அவர் கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப எங்கதான் நடக்கிறது?"

"பன்னண்டாம் நம்பர்ல போங்க. அங்கதான் ஒருத்தரும் வர்றதில்லையே."

"சரி."

"இது வேணாம். அங்க ஒரே சேறு. செருப்பு போதும்."

அதற்கும் சரி என்றார். நான் சப்பாத்தைத் துடைத்து, பேப்பரில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இப்போதும் நினைத்தால் அந்தப் பூட்டின் சத்தம் காதில் கேட்கிறது. வேண்டுமென்றே பூட்டினேன். அவருக்கு நடக்க ஆசை அதிகம். என்றைக்காவது எடுத்துப் போட்டுவிடுவார் என்று பயம்.

பன்னிரண்டாம் நம்பரில் களை இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அதற்குள்ளே கவ்வாத்து வெட்டிய கட்டைகள் கூராக நின்றன. ஒரு காலத்தில் அவரே நின்று வெட்ட வைத்த கட்டைகள். மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் செருப்பில் ரத்தம் இருந்தது.

"அட்டை கடிச்சிருக்கும்" என்றார்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அட்டை கடிக்காத கால் கிடையாது. நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. அவருக்கு வலி இல்லை. வலி இல்லாததால் காயம் இல்லை என்று இரண்டு பேரும் நினைத்தோம். நாலு நாள் கழித்துப் பெருவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டையைப் பார்த்தேன். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன். இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓடியது. பிறகு வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதென்று பெட்டிக்குப் பின்னாலெல்லாம் தேடினேன். அது அவர் காலிலிருந்து வந்தது. அன்று மத்தியானமே குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்த டாக்டர் உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார். கூடலூர், ஊட்டி வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. காய்ச்சலில், "ரெண்டாவது நிரையில ஆள் கொறையுது" என்று பிதற்றிக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் முதல் வைத்தியம் என்று எனக்குத் தெரியாது. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தேன். மலர் திருப்பூரிலிருந்து ஓடி வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவள் என்னைப்போல இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். மருமகன் ரத்தம் கொடுத்தார். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம், பொள்ளாச்சிக்காரம்மா, நான் கேட்காமலேயே தன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் இட்லி எடுத்து வைத்தார். ஊரையும் முகத்தையும் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் அவர் கையால் சாப்பிட்டேன்.

சோதனைகளை அவர்கள் எனக்குப் புரியும்படி சொன்னார்கள், அதனால் நானும் சொல்கிறேன். ரத்தத்தில் ஒரு சோதனை உண்டு. அது இன்றைய சர்க்கரையைக் காட்டாது, கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும். முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. எக்ஸ்ரே எடுத்தது, சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க. போயிருந்தது.

இன்னொரு சோதனைக்கு மெஷின் ஒன்றும் இல்லை. நர்சம்மா கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் கம்பி.

"கண்ண மூடிக்கோங்க ஐயா. நான் கால்ல தொடறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லோணும். சரிங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்சம்மா நல்ல காலின் உள்ளங்காலில் ஊன்றினார், கம்பி வளைந்தது. குதிகாலில், விரல் நுனியில், நடுவில் என்று ஆறு இடம் தொட்டார். அவர் அமைதியாகப் படுத்திருந்தார். பிறகு, "இன்னும் ஆரம்பிக்கலையா சிஸ்டர்?" என்று கேட்டார்.

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு கட்டை காலைக் குத்திக் கிழித்தும் இவருக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சர்க்கரை நிறைய நாள் ஏறியே இருந்தால் பாதத்து நரம்புகள் செத்துவிடுமாம். வலிதான் நமக்குக் காவல்காரன், இவருக்கு அந்தக் காவல்காரன் இல்லை, அதனால்தான் ஷூ, என்று நர்சம்மா சொன்னார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ரொம்பச் சுருக்கமாகப் பேசுகிறவர்.

"விரலோட நிக்குமா, முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்குமான்னு ரெண்டு நாள்ல தெரியும்." பிறகு அவரைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, ஷூ போடோணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க டாக்டர். நாந்தான் போடல. சப்பாத்து போட்டா எனக்கு நடக்க ஏலாது."

"படிச்சுப் படிச்சுச் சொல்றோம், இப்படி அலட்சியம் பண்ணுனா எப்படிங்க? நாப்பது ரூபா செருப்புல முள்ளுக்காட்டுல நடந்திருக்கீங்க."

"தப்புத்தாங்க" என்றார் அவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் எக்ஸ்ரே கவரைப் பிடித்திருந்தேன். நான்தான் பூட்டி வைத்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் பேனா போன்ற ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஓடுகிற சத்தத்தை அது ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் கேட்க வைக்கும். சத்தம் வரவில்லை என்றால் காலுக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம், அப்படியானால் காலை எடுக்க வேண்டியதுதான். கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். நான் மலரின் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று விஷ்க் விஷ்க் என்று பெரிய சத்தம். அந்த அறையே நிறைந்தது.

டாக்டரின் முகம் முதல்தடவையாகத் தளர்ந்தது. "ரத்தக் குழாய் நல்லா இருக்குதுங்க. இந்த வயசுல சர்க்கரைக்காரருக்கு இப்படி இருக்கறது நல்ல விஷயம். என்ன வேலை பாத்தீங்க?"

"எஸ்டேட்ல சூப்பர்வைசர்."

"நடக்கற வேலைங்களா?"

"நடக்கிறது மட்டுந்தாங்க வேலை."

"அது உங்களக் காப்பாத்தியிருக்குது. விரலோட நிறுத்தப் பாக்கறோம்."

முப்பது வருஷ நடை அவர் முழங்காலைக் காப்பாற்றியது. நான் காட்டுக்குள் திருப்பிவிட்ட நடை மூன்று விரலை எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் இந்தக் கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மயக்கம் தெளிந்ததும், "எத்தனை போச்சு?" என்று கேட்டார்.

"மூணு."

"ரெண்டு மிச்சமா?" கொஞ்சம் யோசித்தார். "சரி. பெரட்டுக்கு ரெண்டு ஆள் வந்தாலும் வேலை நடக்கும்."

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணுவது. அதற்குப் பிறகு வார்டிலேயே பெரட்டு நடக்க ஆரம்பித்தது. படுத்தபடியே கையையும் நல்ல காலையும் தூக்கி இறக்கும் பயிற்சிகளை ஒரு பையன் வந்து சொல்லித் தந்துவிட்டுப் போவான். கீழே இறங்க முடியாதென்று உடம்பைச் சும்மா போட்டால் தசை கரைந்துவிடுமாம், வயதானவர்களுக்குச் சீக்கிரமே கரையுமாம். இவர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார். காலையில் எட்டு மணிக்கு வார்டே அதிரக் குரல் கொடுப்பார்.

"அஞ்சாம் நம்பர், கை மேல வரலையே! இப்படிச் செஞ்சா ஒங்களுக்கு அரைப் பேர்தான் போடுவேன்!"

அரைப் பேர் என்றால் பாதி நாள் கூலி. ஐந்தாம் நம்பர் கட்டில், பொள்ளாச்சிக்காரர், "ஏனுங்க சூப்பர்வைசரு, நேத்தும் அரைக்கூலிதான் போட்டீங்க" என்று முனகிக்கொண்டே கையைத் தூக்குவார். வார்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்த பிறகு, இத்தனை ஆசையாக உடம்பை வளைக்கிற மனுஷனைத்தானே காட்டுக்குள் ஒளித்துவைத்தேன் என்று நினைப்பு வரும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். மலர் வயதுதான் இருக்கும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சந்தேகம்.

"ஒரு கப் சோறுதானுங்க சாப்பிட்டீங்க? நடக்கவும் செஞ்சிருக்கீங்க. அப்புறம் எப்படிங்க இவ்ளோ?"

"ஒரு கப்புதாம்மா" என்றேன். அது சத்தியம். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் கப் வாங்கியிருந்தேன்.

"இங்க எடுத்துப் போட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

கட்டிலில் மத்தியானச் சோறு இருந்தது. அவள் தந்த கப்பில் அள்ளிப் போட்டேன். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினேன். மேலே இன்னும் கொஞ்சம் போட்டேன். திரும்ப அழுத்தினேன். கொழுந்தைச் சாக்கில் போட்டு முட்டியால் அமுக்குகிற கை அது. தானாக அமுக்கியது.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! இதுல ரெண்டரைக் கப் இருக்குதுங்க!"

அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அமுக்கும்போது ஒம் மூஞ்சியப் பாத்தா சொல்ல மனசு வராது" என்றார்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. கப்பைக் கவிழ்த்து, உதிரி உதிரியாக அவளே போட்டுக் காட்டினாள். மீதித் தட்டைக் கீரையாலும் பயறாலும் நிறைத்தால் கண்ணுக்கும் வயிற்றுக்கும் குறை தெரியாது என்றாள். தட்டு காலியாகத் தெரிவதுதான் எனக்குப் பயம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பேச்சியக்கா வந்தார். மழைக்கு முன்பே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனவர், இப்போது கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் இருக்கிறாராம். மலர் சொல்லித்தான் தெரிந்ததாம். கொய்யாப்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"மலைய அளந்த காலாச்சே புள்ள இது!"

வராந்தாவுக்கு வந்ததும் தன் கதையைச் சொன்னார். "நாள் முச்சூடும் உக்காந்த எடத்துலயே வேலை. எனக்கும் சீனி வருத்தம்னு சொல்லிட்டாங்க தங்கம். காலையில கம்பெனி ரோட்டுல ஒரு மணி நேரம் நடக்கிறேன். இந்தா பாரு."

காலைக் காட்டினார். சிவப்புக் கோடு போட்ட சப்பாத்து. சேலைக்குக் கீழே அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்குப் பீலில, தொரை ரவுண்டு போறாருன்னு சொன்னீங்களே..."

"நானா?" நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்ல புள்ள. பீலில என்னாத்தத்தான் நாம பேசல?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் கேக்குற?" என்றார்.

"சும்மாதான்க்கா" என்றேன்.

அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அந்த முகத்தை இருபது வருஷமாக எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. வயிறு எரிந்த ஒரு காலையில் வாய் போன போக்கில் சொன்ன சொல். அதை வீட்டுக்குத் தூக்கி வந்தது நான். பெட்டியில் பூட்டியது நான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குப் பெரிய டாக்டர் ஏழெட்டு மாணவர்களோடு வந்தார். என் வீட்டுக்காரர் காலைக் காட்டிப் பாடம் நடத்தினார். "சொல்லியும் ஷூ போடாம நடந்தவரு இவரு. நீங்க பாக்கப்போற பாதிப் பேஷன்ட் இப்படித்தான் இருப்பாங்க" என்றார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

"அவரு போட்டாரு" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

"அவரு சப்பாத்து போட்டுத்தான் நடந்தாரு. ரோட்டுல நல்லா நடந்தாரு. நாந்தான் வேணாம்னு சொல்லிப் பூட்டி வச்சேன். காட்டுப் பக்கம் போகச் சொன்னதும் நாந்தான்."

"ஏம்மா?"

"லயத்துல சிரிச்சாங்க."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மாணவர்கள் பக்கம் திரும்பி, "இதையும் எழுதிக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ் குன்னூரைத் தாண்டியதும் அவர் என் பக்கம் சாய்ந்தார். பிறகு, "எதுக்குச் சொன்ன?" என்று கேட்டார். "நாந்தான் ஏத்துக்கிட்டேன்ல."

"அதனாலதான்."

"ஒனக்காக மட்டும் இல்ல தங்கம். எனக்கும் அந்த ரோட்டுல வெக்கமாத்தான் இருந்துச்சு."

அது நிஜமா, என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் காலை அளந்து, உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்த கறுப்புச் செருப்பு ஒன்று செய்து தந்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் அவர் இரண்டு காலையும் என் மடியில் வைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கிறேன். சோற்றை அமுக்குவதில்லை. முதலில் கீரையும் காயும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில்தான் சோறு. தேத்தண்ணி சீனி இல்லாமல்தான். பெருவிரல் இல்லாத காலில் நிற்பதே கஷ்டம் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நானும் கூடவே நடக்கிறேன். எனக்கும் ஐம்பது ஆகிவிட்டது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் வெளிச்சம் வந்த பிறகு, ரோட்டில்தான் நடக்கிறோம். யாரும் சிரிப்பதில்லை. சிரிக்க ஆட்களும் இல்லை. பத்து வீட்டு லயத்தில் இப்போது நாலு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. பீலியில் நான் தனியாகத்தான் குடத்தை வைக்கிறேன்.

போன வாரம் விறகுக்கட்டோடு ஒருவர் எதிரே வந்தார். பக்கத்து எஸ்டேட்காரர், எங்களுக்கு அறிமுகம் இல்லை. வழியில் பார்த்தால் கேட்பதுபோல, "காலையிலயே ரெண்டு பேரும் எங்க போறீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பதில் என்னிடமிருந்து வரட்டும் என்று காத்திருப்பது தெரிந்தது.

"எங்கயும் போகலீங்க. நடக்கத்தான் வந்தோம்" என்றேன்.

"நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் விறகைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம்.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்து பாலத்துக்கு வந்தோம். அங்கே வரும்போது அவர் காலில் நடுக்கம் வந்துவிடும். கம்பை ஊன்றி நின்று, ரோடு வளைந்து இறங்குகிற பக்கம் பார்த்தார். முன்னே பஜாருக்குப் போய்த் திரும்பிய வழி அது, இன்னும் ஒன்றரை மைல் இருக்கும்.

"போதும் புள்ள" என்றார்.

திரும்பி வீட்டுக்கு நடந்தோம்.